மஜ்ஜை மாற்றிய பிள்ளைகள்: தோல், முடி, நகம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (எலும்பு மஜ்ஜை மாற்று; கொடையாளரின் ரத்த மூலச்செல்களை ஏற்றுவது) முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில், தோலையும் முடியையும் பற்றியவை இங்கே. குழந்தை ரத்தநோய் மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் மகளுக்கு 9 வயது. தலசீமியா என்ற பிறவி ரத்தநோய்க்காக மஜ்ஜை மாற்றி 14 மாதம் ஆகிறது. ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆனால் முடி மட்டும் சரியாக வளரவில்லை. உச்சியில் தலைத்தோல் தெரிகிறது. இருக்கிற முடியும் பஞ்சு போல இருக்கிறது. இனி வளருமா? – ஒரு தாய், சேலம்

முதலில், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, மஜ்ஜை ஏற்றுவதற்கு முந்தைய வாரத்தில் கொடுத்த மருந்துகளின் பெயரைப் பாருங்கள். அந்தத் தயாரிப்பு சிகிச்சையைத்தான் கண்டிஷனிங் என்கிறோம். புசல்ஃபான், தயோடெப்பா என்ற பெயர்கள் அதில் இருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சாதாரண கீமோவில் முடி கொட்டுவது வேறு, இது வேறு. பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். வேர்க்காலில் புது முடியைப் பிறப்பிக்கும் மூலச்செல்கள் தப்பித்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பூனைமுடி அரும்பும், ஆறு மாதத்துக்குள் தலை நிறைந்துவிடும். அதிக அளவு புசல்ஃபானும் தயோடெப்பாவும் அந்த மூலச்செல்களையே சில வேர்க்கால்களில் அழித்துவிடக்கூடும். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும் இதே நிலைதான். ஆறு மாதம் கடந்தும் முழுமையாக வளராததை நிரந்தர முடி இழப்பு என்று மருத்துவத்தில் வகைப்படுத்துகிறோம். அதற்குப் பிறகும் கொஞ்சம் அடர்த்தி கூடலாம். ஆனால் 14 மாதத்தில் உச்சி தெரிகிறதென்றால், பழைய முடி அப்படியே திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த ஐந்து வருடம் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

என்றாலும், எல்லாப் பழியையும் புசல்ஃபான் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. சரிசெய்யக்கூடிய காரணங்கள் கூடவே ஒளிந்திருக்கலாம்.

தைராய்டு: புசல்ஃபானுக்கோ உடல் முழுவதுமான கதிர்வீச்சுக்கோ பிறகு தைராய்டு சுரப்பு குறையக்கூடும். முடி மெலியும், தோல் வறளும், பிள்ளை மந்தமாகும், உயரம் நிற்கும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

மருந்து: எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் டாக்ரோலிமஸ் சாப்பிடும் சிலருக்கு முடி கொட்டும். மருந்து மாறினால் திரும்ப வளரும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

தலைத்தோல்: செதில், சிவப்பு, அரிப்பு, முடி பாதியில் ஒடிந்து கரும்புள்ளியாக நிற்பது, இவை இருந்தால் படர்தாமரைப் பூஞ்சையா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். தோல் வழவழவென்று மின்னி, வேர்க்கால் துளைகளே தெரியவில்லையென்றால் தழும்போடு கூடிய இழப்பு. அது நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யாக இருக்கலாம். கொடையாளரின் நோய் எதிர்ப்புச் செல்கள் பிள்ளையின் உடலை அந்நியமாக நினைத்துத் தாக்கும் நிலை அது. டெர்மாஸ்கோப் என்ற பூதக்கண்ணாடியால் தோல் மருத்துவர் சில நிமிடத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடுவார். சந்தேகம் இருந்தால் 4 மி.மீ. அளவு தோல் எடுத்துச் சோதிப்பார்.

ஒரு கேள்வியை வைத்தும் ஓரளவு பிரிக்கலாம். முடி ஆரம்பத்திலிருந்தே வரவில்லையா, அல்லது நன்றாக வந்து பிறகு கொட்டியதா? முதலாவது மருந்தின் வேலை. இரண்டாவது என்றால் ஜி.வி.எச்.டி., தைராய்டு, பூஞ்சை, கடும் காய்ச்சல் என்று தேட வேண்டும். கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும் முடி தானாகவே திரும்பிவிடும்.

முடி வளரத் தலையில் பூசும் மினாக்சிடில் பற்றியும் கேட்பீர்கள். உயிரோடு இருக்கும் வேர்க்கால்களின் முடியை அது தடிக்கச் செய்யும். செத்த வேர்க்காலை எழுப்பாது. போட்டுப் பார்ப்பதென்றால் குறைந்தது ஆறு மாதம் விடாமல் போட வேண்டும். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடுவார்கள். இது முதலில் ரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த மருந்து. புண்ணான தலைத்தோல் வழியே அதிகம் உறிஞ்சப்பட்டால் இதயத் துடிப்பு எகிறும். தலசீமியாவில் இதயத்தில் இரும்பு படிந்திருக்க வாய்ப்பு இருப்பதால், உங்கள் மகளுக்கு மஜ்ஜை மாற்றிய மருத்துவரிடம் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறோம். முடி கொட்டுகிறது என்றதும் அக்கம்பக்கத்தில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். மஜ்ஜை மாற்றுவதற்கு முன் வருடக்கணக்கில் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உங்கள் மகளின் கல்லீரலில் இன்னும் இருக்கிறது. அவளுக்கு அந்த டானிக் விஷத்துக்குச் சமம். முடிக்கென்று விற்கும் மல்டிவைட்டமின் மாத்திரைகள் பலவற்றிலும் இரும்பு உண்டு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு மிச்சம் இருப்பது வெட்டும் விதம்தான். தோள்வரை விட்டால் மெல்லிய முடி இன்னும் மெலிதாகத் தெரியும். காது வரை ஒரே நீளத்தில் வெட்டி, வகிட்டை நடுவில் எடுக்காமல் ஓரத்தில் எடுத்தால் உச்சி மறையும். இறுக்கிப் பின்னுவது வேண்டாம், மெல்லிய முடி வேரோடு வரும். விக் வாங்கினால் தலைச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து குழந்தை அளவிலேயே வாங்குங்கள். பெரியவர்கள் விக்கை மடித்துத் தைத்துக் கொடுத்தால் ஓடும்போது நழுவும், பள்ளியில் அதைவிட வேதனை வேறில்லை. உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் நம் ஊர் வெயிலில் வியர்க்குரு குறையும்.

குணமானால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். பையனுக்கு ஆறு வயது, மாற்று முடிந்து எட்டு மாதம். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்றும் சொல்கிறார்கள். போடலாமா? – ஈரோடு வாசகர்

வேண்டுதலைத் தள்ளிப்போடலாம், கைவிட வேண்டியதில்லை. சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், பிளேட்லெட் இயல்பில் இருக்க வேண்டும், தலைத்தோலில் புண்ணோ ஜி.வி.எச்.டி.யோ இருக்கக் கூடாது. எட்டு மாதத்தில் பல பிள்ளைகள் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் அம்மையோ காய்ச்சலோ தொற்றுவதுதான் கத்தியைவிடப் பெரிய ஆபத்து.

போகிற நாளில் கூட்டமில்லாத கிழமையாகப் பாருங்கள். புது பிளேடை நீங்களே கொண்டுபோய் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய பிளேடு வழியே ஹெபடைடிஸ் பி, சி பரவும். குளத்தில் முங்க வேண்டாம், குழாய் நீர் போதும். சந்தனம் பூசுவதென்றால் வீட்டில் கல்லில் அரைத்தது. பொட்டலத் தூளில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. காது குத்தையும் அதே நாளில் சேர்த்து முடித்துவிட நினைக்காதீர்கள். இப்போதே ஏதாவது செலுத்தியாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று இணுக்கு வெட்டிப் பூமுடியாகக் கொடுக்கலாம்.

அடர்த்தியாக வரும் என்பது தவறு. வேர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலேதான் ஓடுகிறது. மழித்த முனை மழுங்கலாக இருப்பதால் முதல் சில வாரம் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

சிகிச்சைக்குப் பிறகு மகன் ரொம்பவே கறுத்துவிட்டான். கழுத்து, அக்குள், முட்டி எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வெளுக்க வைக்கும் கிரீம் போடலாமா? – திண்டுக்கல் வாசகி

எப்போது கறுத்தான் என்பதுதான் முக்கியம்.

மருத்துவமனையில் இருந்தபோதே அல்லது முதல் இரண்டு மாதத்தில் கறுத்திருந்தால் கண்டிஷனிங் மருந்துதான் காரணம். தயோடெப்பா வியர்வையிலும் வெளியேறும். மடிப்புகளிலும் பிளாஸ்திரிக்கு அடியிலும் தேங்கித் தோலைப் பொசுக்கும். அதனால்தான் அந்த நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை குளிப்பாட்டச் சொல்வார்கள், எண்ணெயோ கிரீமோ தடவக் கூடாது என்பார்கள். அந்தக் கறுப்பு உரிந்து, சில மாதங்களில் தானாக வெளுக்கும். தேய்த்துக் குளிப்பாட்டினால் மட்டும் வெளுக்காது. நாரும் பீர்க்கங்கூடும் உரசினால் கறுப்பு கூடும்.

உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்து, தலசீமியாவோ, மஜ்ஜையில் ரத்தம் ஊறாத அப்ளாஸ்டிக் அனீமியாவோ இருந்த பிள்ளை என்றால், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பாருங்கள். இரும்புச் சுமைக்கு மஜ்ஜை நன்றாக நிலைத்த பிறகு, ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால், ரத்தம் எடுப்பதே நல்ல சிகிச்சை. எடையில் கிலோவுக்குச் சுமார் 6 மி.லி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இத்தனை நாள் ரத்தம் ஏற்றிவிட்டு இப்போது எடுப்பதா என்று பெற்றோர் திகைப்பார்கள். கல்லீரலும் இதயமும் தப்புவதற்கான வழி அது. தோல் நிறம் மெல்லத் தெளிவது உபரி லாபம்.

ஒரு வருடம் கழித்துப் புதிதாகத் திட்டுத் திட்டாகக் கறுத்தால், அதோடு ஊதா நிறத் தடிப்புகள் வந்தால், ஜி.வி.எச்.டி.யை முதலில் நினைக்க வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் மட்டும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலை. மாற்று சிகிச்சை பெற்ற பிள்ளைகள் ஒல்லியாக இருந்தாலும் அவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகள் வரலாம். உங்கள் மகனுக்கு இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளுக்க வைக்கும் கிரீம் வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டும், நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருக்கும். முதல் வாரம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு வெடிக்கும், பூஞ்சை பரவும். ஏற்கெனவே அடிபட்ட தோல் இது.

மாற்று முடிந்து ஒன்றரை வருடம். 11 வயது மகளுக்குக் கை, முழங்கால் தோல் இறுகினாற்போல இருக்கிறது. மாத்திரை குறைத்த பிறகுதான் ஆரம்பித்தது. வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவி வருகிறோம். போதுமா? – தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை

போதாது. இந்த வாரமே மாற்று சிகிச்சை செய்த இடத்தில் காட்டுங்கள். இந்தக் கடிதக் கட்டில் காத்திருக்கக் கூடாத கேள்வி இதுதான்.

எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மாத்திரையைக் குறைக்கும்போது தலைகாட்டும் தோல் மாற்றம், வேறு என்று நிரூபிக்கப்படும்வரை நாள்பட்ட ஜி.வி.எச்.டி.தான். அது பல உருவில் வரும். ஊதா நிறத்தில் தட்டையாக மின்னும் சிறு தடிப்புகள் ஒரு வகை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு மூன்றும் கலந்து, தோல் மெலிந்து சுருங்குவது இன்னொன்று. மூன்றாவதுதான் உங்கள் மகளுடையது போலத் தெரிவது. கொலாஜன் நார்கள் பெருகி, தோல் கீழே இருக்கும் கொழுப்போடும் சவ்வோடும் ஒட்டிக்கொள்கிறது. மூட்டைச் சுற்றி இப்படி ஆனால் மூட்டு மடங்காது. முற்றிவிட்ட இறுக்கத்தை எந்த மருந்தும் முழுதாகத் திருப்பித் தராது. ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தலாம்.

வீட்டிலேயே மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள்:

கும்பிடச் சொல்லுங்கள். முழங்கைகளை உயர்த்தி, இரு உள்ளங்கையும் விரலும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் மணிக்கட்டும் விரலும் இறுகுகின்றன. கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், மேற்கை காதைத் தொட வேண்டும். குந்தி உட்காரச் சொல்லுங்கள். முன்பு குதிகால் தரையில் பதிய உட்கார்ந்த பிள்ளை இப்போது முன்காலில் நின்றால் கணுக்கால் இறுகுகிறது. வாயை அகலத் திறந்தால் அவளுடைய மூன்று விரல் ஒன்றன் மேல் ஒன்றாக நுழைகிறதா என்று பாருங்கள். கையைக் கூப்பிய நிலையில் ஒரு படம், கை தூக்கிய நிலையில் ஒரு படம், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துவையுங்கள். மருத்துவமனையிலும் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் 1 முதல் 7 வரையும், கணுக்காலுக்கு 1 முதல் 4 வரையும் மதிப்பெண் போட்டு இதையேதான் செய்கிறார்கள். குறைந்த எண் மோசம்.

மருந்து என்று பார்த்தால் ஸ்டீராய்டு முதல் வரிசை. அதற்கு அடங்காவிட்டால் ருக்சோலிடினிப் போன்ற மாத்திரைகள், ரத்தத்தை வெளியே எடுத்து ஒளி பாய்ச்சித் திருப்பி ஏற்றும் ஃபோட்டோஃபெரசிஸ் என்று வழிகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது அவர்கள் முடிவு. உங்கள் கையில் இருப்பது இரண்டு.

ஒன்று, நீட்டல் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, வெதுவெதுப்பான நீரில் குளித்த உடனே, ஒவ்வொரு நீட்டலையும் 20 முதல் 30 விநாடி பிடித்து, காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம். இழுத்துப் பிடித்து வலிக்க வைத்தால் தோல் கிழியும். இறுகிய தோலில் சின்னக் கீறல்கூட மாதக்கணக்கில் ஆறாது.

இரண்டு, ஈரப்பதம். தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் இறுகி வறண்ட தோலுக்கு வெள்ளை பாரஃபின் கலந்த, வாசனை இல்லாத களிம்பு இன்னும் நன்றாகத் தாங்கும். குளித்துத் துவட்டிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள், முடி சாய்ந்த திசையில் வழித்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. பெரும்பாலோர் தவறுவது அளவில்தான். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு உடம்பு முழுக்க ஒரு தடவைக்குச் சுமார் 13 முதல் 15 கிராம் வேண்டும். இருவேளை என்றால் வாரத்துக்கு 200 கிராம். 11 வயதுப் பிள்ளைக்கு இன்னும் கூடும். 50 கிராம் டியூப் மாதம் முழுக்க வருகிறதென்றால் பூச்சு தோலுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பாரஃபின் ஊறிய உடை எளிதில் தீப்பிடிக்கும். விளக்கேற்றும்போதும் அடுப்பங்கரையிலும் கவனம்.

இறுகிய தோலில் வியர்வைச் சுரப்பியும் மூடிக்கொள்ளும். வியர்க்காத பிள்ளை சித்திரை வெயிலில் பி.டி. பீரியடில் ஓடினால் மயங்கி விழும். பள்ளிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டுப்போகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஜி.வி.எச்.டி. பிறப்புறுப்புத் தோலையும் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், வெண்மை படர்தல், இதழ்கள் ஒட்டிக்கொள்ளுதல். ஆண் பிள்ளைகளுக்கு முன்தோல் இறுகுதல். பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அம்மா கேட்க வேண்டும், பரிசோதனையிலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் கழித்துக் கண்ணைச் சுற்றியும் விரல் நுனியிலும் வெண்புள்ளி வந்திருக்கிறது. புருவத்தில் நரையும் விழுந்துவிட்டது. நாட்டு மருந்தில் குணமாகும் என்கிறார்கள். – புதுச்சேரி வாசகர்

மாற்று சிகிச்சைக்குப் பிறகு வெண்புள்ளி வருவது தெரிந்த விஷயம்தான். கொடையாளரின் செல்கள் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருகிறது. கொடையாளருக்கே வெண்புள்ளி இருந்து, அவரிடமிருந்து பெற்றவருக்கு வந்த நிகழ்வுகளும் உண்டு. தொற்றாது, வலிக்காது. ஆனால் அந்த இடத்தில் வெயில் சுடும்.

2 முதல் 15 வயதுவரை 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு, இருவேளை மெல்லிய பூச்சு. முதல் வாரம் எரியும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முகத்தில் நன்றாக நிறம் திரும்பும். விரல் நுனியும் உதடும் பிடிவாதக்காரர்கள். முடியே நரைத்த இடத்தில் நிறமி ஊற வேர்க்காலில் இருப்பு இல்லை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடைந்த தோலில் இந்தக் களிம்பு ரத்தத்துக்குள் போகும். ஜி.வி.எச்.டி. புண் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே போட வேண்டும்.

நாட்டு மருந்து என்று பொதுவாகச் சொல்லாமல் பெயரைச் சொல்கிறோம்: கார்போகரிசி. வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. அதில் தோலை வெயில் தாங்காமல் செய்யும் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தடவியோ சாப்பிட்டோ வெயிலில் நின்றால் தோல் கொப்பளிக்கும். உள்ளே சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததும் உண்டு. மஜ்ஜை மாற்றிய பிள்ளைக்குக் கடும் வெயில்கொப்பளம் ஜி.வி.எச்.டி.யையே கிளப்பிவிடலாம். அஸ்வகந்தா போன்று எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் லேகியங்களும் வேண்டாம். நாம் மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருப்பதே அந்த எதிர்ப்பு சக்தியைத்தான்.

சைக்ளோஸ்போரின் சாப்பிடும் மகளுக்கு நெற்றி, கன்னம், முதுகு எல்லாம் முடி. பள்ளியில் கேலி செய்கிறார்கள். – நாகர்கோவில் வாசகி

மருந்து நின்ற சில மாதங்களில் உதிர்ந்துவிடும். கடலைமாவு, மஞ்சள் போட்டுத் தேய்ப்பது, மெழுகில் பிடுங்குவது, முடி நீக்கும் கிரீம் மூன்றும் இப்போது வேண்டாம். தோல் உரிந்து கிருமி புகும். தாங்க முடியவில்லையென்றால் சின்ன டிரிம்மரால் ஒட்ட வெட்டலாம். மழித்தால் தடித்து வளருமோ என்ற பயத்துக்கு மேலே மொட்டைக் கேள்வியில் பதில் இருக்கிறது. ஈறு தடிப்பதும் இதே மருந்தால்தான், பல் துலக்குவதில் சோம்பல் கூடாது. ஒரு கூடுதல் செய்தி: பம்பளிமாஸ் சாப்பிடக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் இந்த மருந்தின் அளவை அது ஏற்றிவிடும்.

எங்கள் பிள்ளை கறுப்புதான். சன்ஸ்கிரீன் அவசியமா? வெயிலே காட்டாவிட்டால் வைட்டமின் டி எப்படி? – மதுரை

அவசியம். கறுத்த தோல் புற்றுநோயிலிருந்து ஓரளவு காக்கிறது. ஆனால் வெயில் ஜி.வி.எச்.டி.யைத் தூண்டுவதைத் தடுப்பதில்லை. எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, துத்தநாக ஆக்சைடு கலந்தது. பிள்ளையின் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொருமுறை திரும்பவும் பூச வேண்டும். காதையும் மெலிந்த முடிக்கடியில் உச்சியையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் சன்ஸ்கிரீனைவிட நம்பகமானவை, செலவும் ஒருமுறைதான். 10 மணி முதல் 4 மணிவரை மைதானம் வேண்டாம். பூஞ்சைக்கு வோரிகொனசோல் சாப்பிடும் பிள்ளை என்றால் இரட்டைக் கவனம். அதை நெடுநாள் சாப்பிட்டு வெயிலில் திரிந்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது.

வைட்டமின் டி அளவைப் பரிசோதித்து, ஒரு மி.லி. ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருந்தாகக் கொடுத்துவிடலாம். கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பொட்டலம் வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பது. அதைத் தினம் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, கால்சியம் எகிறி, வாந்தியோடு வருகிற பிள்ளைகள் உண்டு.

நகமெல்லாம் கோடு கோடாக, நுனியில் பிளந்து இருக்கிறது. பூஞ்சை என்று மாத்திரை கொடுத்தார்கள். சரியாகவில்லை. – கரூர்

குறுக்கே ஒரு பள்ளம் மட்டும் என்றால் கண்டிஷனிங் நாட்களில் நகம் வளராமல் நின்றதன் அடையாளம். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளர்வதால் ஆறு மாதத்தில் வெளியே போய்விடும். கால்நகத்துக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நெடுக்கே கோடு, மெலிவு, பிளவு, நகத்தின் மேல் தோல் ஏறி ஒட்டுதல் என்றால் ஜி.வி.எச்.டி.யாக இருக்கலாம். நகத்தைச் சுரண்டிப் பூஞ்சை உறுதியாகாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. இட்ராகொனசோல், ஃப்ளூகொனசோல் போன்றவை சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாற்று சிகிச்சைக்கு முன்பிருந்தே நகம் இப்படித்தான், கழுத்தில் வலை போன்ற கறுப்பும் உண்டு என்றால் டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்ற பிறவி நோயைப் பற்றிக் கேளுங்கள். மஜ்ஜை மாற்றினால் ரத்தம்தான் கொடையாளருடையதாகும். தோலும் நகமும் பிள்ளையுடையதாகவே இருக்கும்.

மகனுக்கு 5 வயதில் ரத்தப் புற்றுநோய், கதிர்வீச்சோடு மஜ்ஜை மாற்று. இப்போது 16. உடம்பில் மச்சங்கள் பெருகியிருக்கின்றன. பயப்பட வேண்டுமா? – சென்னை

மச்சம் பெருகுவது எதிர்பார்த்ததுதான். பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் சின்ன வயதில் உடல் முழுவதும் கதிர்வீச்சு வாங்கிய தோலில் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் வருடம் ஒருமுறை ஆடை களைந்து, உச்சந்தலை முதல் விரலிடுக்குவரை தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு பாதி மறுபாதிபோல் இல்லாதது, விளிம்பு கலைந்தது, பல நிறம் உடையது, 6 மி.மீ.க்கு மேல் பெரியது, மாறிக்கொண்டே இருப்பது, இவற்றைக் காட்டுங்கள். நம் நிறத்தவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடிக் கறுப்பை விட்டுவிடக் கூடாது. நாலு வாரத்தில் ஆறாத புண்ணும் அதே கணக்குதான்.

தோலைவிட நாங்கள் கவலைப்படுவது வாயைப் பற்றி. வாயில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இருந்தவர்களுக்கும், ஃபான்கோனி அனீமியா என்ற பிறவி நோய்க்காக மஜ்ஜை மாற்றியவர்களுக்கும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம். பற்பசையே எரிகிறது, நாக்கோரம் வெள்ளைப் படலம் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 16 வயதில் நண்பர்கள் நீட்டும் பான் மசாலா, ஹான்ஸ், சிகரெட் பற்றி மகனிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சில புற்றுநோய்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. மஜ்ஜை மாற்றியவர்களுக்கு மூன்று தவணை.

தங்கைக்குக் கல்யாணம். மாற்று முடிந்து இரண்டு வருடமான மகளுக்கு மருதாணி வைக்கலாமா? – காரைக்குடி

மாத்திரைகள் நின்று, கையில் புண் இல்லையென்றால் வீட்டில் பறித்து அரைத்த இலை வைக்கலாம். ஒரு விஷயம் பார்த்துவிட்டு: சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணியால் சிவப்பணு உடையக்கூடும். இப்போது உங்கள் மகள் உடம்பில் ஓடும் சிவப்பணு கொடையாளருடையது என்பதால், பார்க்க வேண்டியது கொடையாளரின் ஜி6பிடி முடிவை. மாற்றுக்கு முந்தைய பரிசோதனைத் தாள்களில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோன் மட்டும் வேண்டாம். அதில் சேர்க்கும் பி.பி.டி. சாயம் கொப்பளத்தைக் கிளப்பும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிற்காலத்தில் தலைச்சாயமும் பூச முடியாது.